கார்ச்சாம்ப்பைத் திரும்பச் சேர்க்கலாமா? ஷோடவுனில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்காருகிறோம். பினாங்குத் தீவின் கெலுகோரில் பதினோராவது மாடி. தம்பி பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி வருவான். ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு வருவது அவன் பொறுப்பு. சித்தி மகள் ஜெலுத்தோங்கிலிருந்து வருவாள். நான்காவது ஆள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு இரவு வேலை பார்க்கும் தோழி. சாப்பிட்டு முடித்து மேசையைத் துடைத்த பிறகு இரண்டு மடிக்கணினிகளும் இரண்டு கைப்பேசிகளும் வெளியே வரும். நாங்கள் விளையாடுவது போக்கிமான், கற்பனை உயிரினங்களை ஆறு ஆறாக அணி சேர்த்து மோதவிடும் ஆட்டம். அதிலும் 2006இல் ஜப்பானில் வெளிவந்த டயமண்ட், பேர்ல் காலத்து ஆட்டம். நான்காம் தலைமுறை என்று சொல்வார்கள்.

அந்த மேசைக்குக் களம் அமைத்துக் கொடுத்த போக்கிமான் ஷோடவுன் என்ற இணையதளத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கடந்த ஆறு வாரங்களாக அதில் நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரே ஒரு வேலை: நான்காம் தலைமுறையில் தடைசெய்யப்பட்ட கார்ச்சாம்ப் என்ற போக்கிமானை உள்ளே விடலாமா என்று ஆடிப் பார்ப்பது. அதனால் இரண்டையும் பிரித்து எழுத என்னால் முடியவில்லை.

கார்ச்சாம்ப் என்னுடைய போக்கிமான். 2008இல் தொழிற்சாலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியதும் கொம்தாரில் நிண்டெண்டோ டிஎஸ் கருவியும் டயமண்ட் ஆட்டமும் வாங்கினேன். சைக்கிள் பாலத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத வாசல் ஒன்று இருக்கும். அதன் வழியாகக் குகைக்குள் போய் கிபிள் என்ற குட்டியைப் பிடிக்க வேண்டும். அது 24ஆம் நிலையில் ஒரு முறை உருமாறும். 48ஆம் நிலையில்தான் கார்ச்சாம்ப் ஆகும். அந்த 48ஐ எட்டிய இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு வீரன் என்று பெயர் வைத்தேன். ஆட்டத்தின் கடைசியில் வரும் சிந்தியா என்ற சாம்பியனிடமும் ஒரு கார்ச்சாம்ப் உண்டு, 66ஆம் நிலையில். அதனிடம் நான் எத்தனை முறை தோற்றேன் என்று எண்ணவில்லை. வீரனைக் கொண்டுதான் கடைசியில் அதை வீழ்த்தினேன்.

டிஎஸ் கருவியின் இணைய ஆட்டச் சேவை 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. ஆட்டம் கையில் இருந்தும் எதிரில் ஆட ஆள் இல்லை என்ற நிலை. ஷோடவுனின் பெரிய உதவி அங்கே தொடங்குகிறது. 2011இல் வந்த இது ஒரு இலவசப் போர்க்களம். உலாவியைத் திறந்து, ஒரு பெயரைச் சொல்லி, எந்தத் தலைமுறை, எந்த விதிமுறை என்று தேர்ந்தெடுத்தால் போதும். முதல் தலைமுறையிலிருந்து இன்றுவரை எல்லாக் காலத்து ஆட்டங்களும் அந்தந்தக் காலத்துக் கணக்குகளோடு இருக்கின்றன. நிரலும் திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்.

டிஎஸ்ஸில் ஒரு போக்கிமானைப் போட்டிக்குத் தயார் செய்ய எனக்குப் பல வாரங்கள் பிடிக்கும். முட்டையிலிருந்து குட்டி பொரிக்க வேண்டும், குணம் சரியாக அமைய வேண்டும், பயிற்சிப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்க்க வேண்டும். ஷோடவுனில் அணி கட்டும் பக்கத்தில் அந்த 510 புள்ளிகளையும் ஒரு நிமிடத்தில் பிரித்துக் கொடுத்துவிடலாம். கட்டிய அணியை வெறும் எழுத்தாக நகலெடுத்துத் தம்பிக்கு அனுப்பலாம். அவன் அதைத் தன் பக்கத்தில் ஒட்டினால் அணி அப்படியே நின்றுவிடும். வளர்க்கும் சுகம் போய்விட்டதே என்று சிலர் வருந்துவார்கள். எனக்கும் அந்த வருத்தம் கொஞ்சம் உண்டு. ஆனால் வாரத்தில் ஐந்து இரவு வேலைக்குப் போகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் ஆட்டம் மட்டும் இருந்தால் போதும்.

முடிந்த ஆட்டத்தைச் சேமித்து வைத்து மறுபடி ஓட்டிப் பார்க்கும் வசதியை நான் மிகவும் மதிக்கிறேன். "அந்த இடத்தில் நீ மாற்றியிருக்க வேண்டும்", "இல்லை, மாற்றினேன்" என்ற வாக்குவாதம் எங்கள் மேசையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீடிப்பதில்லை. ஓட்டிப் பார்த்துவிடுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சொல்: முதல் நாளே அணி கட்டப் போகாதீர்கள். கணினியே இரு பக்கமும் ஆறு ஆறாகப் பொறுக்கிக் கொடுக்கும் குலுக்கல் ஆட்டம் இருக்கிறது. அதில் ஒரு மாதம் ஆடுங்கள். கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்கும் பாடம் எதுவும் இங்கே இல்லை. தோற்றுத்தான் கற்க வேண்டும். அணி கட்டும்போது மடிக்கணினியைப் பயன்படுத்துங்கள், ஆட மட்டும் கைப்பேசி போதும். இரு பக்கமும் ஒரு நகர்வு செய்யும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் நேரக் கணக்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். எங்கள் கட்டடத்தில் மின்சாரம் போன ஒரு காலையில் தம்பி வெல்ல வேண்டிய ஆட்டம் கடிகாரத்தோடு போயிற்று.

இனி தடையைப் பற்றி.

ஷோடவுனில் ஆடப்படும் பெரும்பாலான விதிமுறைகளை ஸ்மோகான் என்ற ஆட்டக்காரர்களின் சமூகம் வகுக்கிறது. போக்கிமான்களை அடுக்கு அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவான அடுக்கில் ஆட முடியாத அளவுக்கு வலுவானது மேலே தூக்கி வைக்கப்படும். அதைத்தான் தடை என்கிறோம். இப்போதைய வழக்கப்படி, சந்தேகத்துக்குள்ளான ஒன்றைச் சில வாரம் சோதனையில் வைப்பார்கள். தரவரிசையில் ஆடிக் குறிப்பிட்ட மதிப்பெண்ணை எட்டியவர்களுக்கு மட்டுமே வாக்கு. தடைசெய்ய 60 விழுக்காடு வாக்கு வேண்டும். வெறும் பாதி போதாது என்பது எனக்குப் பிடித்த விதி. ஒன்றை வெளியேற்றுவது எளிதாக இருக்கக் கூடாது.

என் தொழிலிலும் இதே முறை உண்டு. நான் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். சந்தேகத்துக்கிடமான சரக்கில் மஞ்சள் சீட்டு ஒட்டித் தனி அலமாரியில் வைப்போம். அதை மறுபடி சோதித்து விடுவிக்க வேண்டுமானால் ஒரு காரணம் எழுத வேண்டும்: அளக்கும் கருவி பிழையாக இருந்தது, அல்லது வாங்குபவரின் தேவை மாறியது, அல்லது பழுதான பாகத்தை மாற்றியாயிற்று. எதுவும் மாறாமல் "நல்ல சரக்குதான், விட்டுவிடலாம்" என்று யாராவது வந்து நின்றால் என் மேற்பார்வையாளர் சீட்டைக் கையால் தொடமாட்டார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த அலமாரிக்கு முன்னால் நின்றவள் நான். தடை நீக்கம் என்ற பேச்சு வந்தால் என் மனம் முதலில் கேட்பது, என்ன மாறியிருக்கிறது என்பதைத்தான்.

போக்கிமானில் மாற்றத்தால் விடுதலையானவை நிறைய இருக்கின்றன. ஏஜிஸ்லாஷ் என்ற வாள் ஆறாம் தலைமுறையில் தடைசெய்யப்பட்டது. கேடயமாக நிற்கும்போது 150 காப்பு, வாளாக மாறும்போது 150 தாக்கு. எட்டாம் தலைமுறையில் அந்த 150 எல்லாம் 140 ஆனது. அதன் கேடயத்தைத் தொட்டு அடித்தவரின் வலு முன்பு இரண்டு படி குறையும். அது ஒரு படியாயிற்று. பொது அடுக்கில் அதை விட்டார்கள், ஆட்டம் குலையவில்லை. ஒன்பதாம் தலைமுறையில் ஹவுண்ட்ஸ்டோன் என்ற பேய்நாயை முதலில் தடைசெய்தார்கள். இறந்துபோன தோழர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வலுக்கூடும் ஒரு தாக்குதல்தான் உண்மையான கோளாறு என்று தெரிந்ததும், அந்தத் தாக்குதலைத் தடைசெய்துவிட்டு நாயை அவிழ்த்துவிட்டார்கள். பழுதான பாகத்தை மட்டும் கழற்றிய வேலை அது. நல்ல வேலை.

கார்ச்சாம்ப்பின் கதையும் பிற்காலத்தில் அப்படித்தான் போனது. ஐந்தாம் தலைமுறையில் தடைக்கு உள்ளாகிப் பிறகு வெளியே வந்தது. 2013இல் ஆறாம் தலைமுறையோடு தேவதை வகை பிறந்தது. கார்ச்சாம்ப்பின் பெரிய ஆயுதமான டிராகன் தாக்குதல் எதுவும் தேவதையைத் தொடாது. அன்று முதல் கார்ச்சாம்ப் பத்தோடு பதினொன்றாக, மரியாதையான ஆட்டக்காரனாக எல்லா அணிகளிலும் இருக்கிறது. நான்காம் தலைமுறையில் மட்டும் 2008 முதல் அது வெளியே நிற்கிறது.

அங்கே அது ஏன் அவ்வளவு பயங்கரம்? எண்களைப் பாருங்கள்: தாக்கு 130, உயிர் 108, காப்பு 95, வேகம் 102. இந்த 102 என்பதில்தான் சூட்சுமம். நான்காம் தலைமுறையில் ஜிராச்சி, சாப்டோஸ், செலபி, ஃப்ளைகான் என்று ஒரு கூட்டமே சரியாக 100இல் நிற்கிறது. அவற்றையெல்லாம் இரண்டு புள்ளியில் முந்திவிடும். ஒரு திருப்பம் கிடைத்தால் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடித் தாக்கை இரட்டிப்பாக்கும். பிறகு அவுட்ரேஜ் என்ற டிராகன் தாக்குதல். அந்தக் காலத்தில் டிராகன் அடியைத் தாங்குவது இரும்பு வகை மட்டுமே. இரும்பு வந்தால் எர்த்குவேக் என்ற நிலத் தாக்குதல் அதை நொறுக்கும். இரண்டுக்கும் தப்புவது பறக்கும் இரும்பான ஸ்கார்மரியும் மிதக்கும் மணியான பிரான்சாங்கும்தான். அவற்றுக்காக ஒரு நெருப்புத் தாக்குதலை வைத்துக்கொண்டால் போதும், அந்தக் கதவும் திறந்துவிடும்.

பனிக்கு அது நான்கு மடங்கு பலவீனம் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு யாச்சே பழம் இருக்கிறது. ஒருமுறை மட்டும் பனி அடியைப் பாதியாக்கும். அந்த ஒருமுறை போதும், அது டான்ஸ் ஆடிவிடும்.

கடைசியாக அதன் திறன். Sand Veil என்ற ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் ஒரு பக்கம் வேல் என்றும் ஒரு பக்கம் வெயில் என்றும் வருகிறது, அதனால் நாங்கள் மணல்திரை என்றே சொல்லிக்கொள்கிறோம். மணற்புயல் வீசும்போது எதிரியின் தாக்குதல்கள் ஐந்தில் ஒன்று தவறும். நூற்றுக்கு நூறு படும் என்று நம்பி எய்யும் பனிக்கதிர் நூற்றுக்கு எண்பது ஆகிவிடும். நான்காம் தலைமுறையில் டைரனிட்டாரோ ஹிப்பௌடனோ களத்துக்கு வந்தால் மணற்புயல் வீசத் தொடங்கும். வேறு வானிலை வந்து மாற்றும்வரை நிற்காது. பிற்காலத்தில் ஐந்து திருப்பம் என்று அளவு வைத்தார்கள். அப்போது அளவே இல்லை.

எங்கள் மேசையில் தடை நீக்கம் கேட்டு முதலில் பேசியது நான்தான். என் மேற்பார்வையாளர் கேட்பதையே சித்தி மகள் கேட்டாள். "அக்கா, நான்காம் தலைமுறை முடிந்துபோன ஆட்டம். இனி எண் மாறாது, புது வகை வராது. என்ன மாறிவிட்டது என்று திறக்கச் சொல்கிறாய்?"

என்னிடம் பதில் இல்லை. தம்பிதான் சொன்னான். "ஆட்டம் மாறவில்லை, ஆடுகிறவர்கள் மாறிவிட்டார்கள். 2008இல் தடைசெய்தவர்களுக்கு அந்த ஆட்டம் இரண்டு வயதுக் குழந்தை. இன்று அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் தெரிந்துகொண்ட மனிதர்கள் இருக்கிறார்கள். அளக்கிற கருவி மாறியிருக்கிறது அக்கா. உன் வேலையில் அதற்கு மறுசோதனை உண்டா, இல்லையா?"

உண்டு. அதுதான் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்.

ஷோடவுனில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை, பொத்தானாக எங்கும் காட்டப்படவில்லை. நண்பரை ஆட்டத்துக்கு அழைக்கும் கட்டளையில் விதிமுறையின் பெயருக்குப் பின்னால் மூன்று அட் குறிகளை (@@@) போட்டுவிட்டு உங்கள் சொந்த விதியைச் சேர்க்கலாம். கூட்டல் குறி போட்டுப் பெயர் எழுதினால் அது அனுமதிக்கப்படும். கழித்தல் குறி தடுக்கும். ஆச்சரியக்குறி ஒரு விதியையே தூக்கிவிடும். இரண்டு பெயர்களுக்கு நடுவே இரட்டைக் கூட்டல் போட்டுக் கழித்தால் அவ்விரண்டும் ஒரே அணியில் சேர்ந்து வர முடியாது. இந்த ஒரு வசதிக்காக மட்டுமே நான் ஷோடவுனுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். தடையைப் பற்றி வாய்கிழியப் பேசுகிறவர்கள் எவ்வளவோ பேர். பேசுகிறதை உடனே ஆடிப் பார்க்கக் களம் தருவது பெரிய காரியம்.

முதல் இரண்டு வாரம் கட்டுப்பாடு எதுவும் வைக்கவில்லை. கார்ச்சாம்ப் முழுவதுமாக உள்ளே. நான் சந்தோஷமாக இருந்தேன். வீரன் திரும்பி வந்துவிட்டான் என்று பெயரும் வைத்துவிட்டேன். ஆட்டங்கள் விறுவிறுப்பாக இருந்தன. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரு அணிகளின் பெயர்ப் பட்டியல், திருப்பங்களின் எண்ணிக்கை, வென்றவர் யார் என்று குறித்துக்கொண்டோம்.

மூன்றாம் வாரத்தில் நடந்த ஓர் ஆட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் ஒரு பக்கம், சித்தி மகள் மறுபக்கம். என் டைரனிட்டார் மணலைக் கிளப்பிவிட்டு வீழ்ந்திருந்தது. கார்ச்சாம்ப் வந்தது. அவள் மாமோஸ்வைனை நிறுத்தியிருந்தாள். பனிச்சில்லால் முந்திக்கொண்டு அடித்தாள். யாச்சே பழம் என்னைக் காப்பாற்றியது. நான் டான்ஸ் ஆடினேன். அவள் இரண்டாம் முறையும் அடித்தாள், அந்தச் சில் தவறியது. ஐந்தில் ஒன்று. மாமோஸ்வைன் போனது. ஸ்டார்மி வந்தது, வேகம் 115, என்னைவிட முன்னால் நகரும். பனிக்கதிரை எய்தாள். அதுவும் தவறியது.

இரண்டும் அடுத்தடுத்துத் தவற வாய்ப்பு இருபத்தைந்தில் ஒன்று. அவுட்ரேஜ் அவள் அணியில் மிச்சமிருந்த மூன்றையும் வாரிக்கொண்டு போனது. வென்றது நான். சேமித்த ஆட்டத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தோம். அவள் செய்த தவறு என்று ஒரு திருப்பத்தைக்கூட யாராலும் காட்ட முடியவில்லை. சரியான விடையை வைத்திருந்தாள், சரியான நேரத்தில் கொண்டுவந்தாள், இரண்டு முறை கொண்டுவந்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்த் தேநீர் போட்டாள். வென்ற எனக்கு அந்த வெற்றியை நோட்டில் எழுதக் கை வரவில்லை. தோழிதான் எழுதினாள்.

தம்பி இதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவன் வாதம் வலுவானது, மறைக்க மாட்டேன். அதிர்ஷ்டம் இந்த ஆட்டத்தின் இரத்தத்தில் இருக்கிறது என்றான். பதினாறில் ஒரு அடி இரட்டை வலுவோடு விழுகிறது, அதை யாரும் தடைசெய்யவில்லை. ஜிராச்சியின் இரும்புத்தலை அடி பத்துக்கு ஆறு முறை எதிரியைத் திகைக்க வைக்கிறது, ஜிராச்சி பொது அடுக்கில் அரசனைப்போல இருக்கிறது. பத்தில் ஆறைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் ஐந்தில் ஒன்றுக்கு ஏன் கூச்சல் போடுகிறார்கள்?

ஒரு வாரம் முழுக்க இரவு வேலையில் இதை யோசித்தேன். ஜிராச்சி திகைக்க வைப்பது, அது முந்தி அடிக்கும்போது மட்டும். அந்த அடியின் வலு 80. தாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மாற்றிக்கொள்ள நேரம் இருக்கிறது. கார்ச்சாம்ப் விஷயத்தில் ஒருமுறை தவறினால் அதற்குப் பிறகு ஆட்டமே இல்லை. அதோடு, தவிர்ப்பைக் கூட்டிக்கொள்ளும் தாக்குதல்களை அந்த விதிமுறை முதலிலிருந்தே தடைசெய்து வைத்திருக்கிறது. உடலைச் சுருக்கிக்கொண்டோ நிழலை இரட்டிப்பாக்கிக்கொண்டோ அடியிலிருந்து தப்பக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு, கார்ச்சாம்ப்புக்கு மட்டும் மணலில் ஒளிந்துகொள்ள அனுமதி கொடுக்க என்ன நியாயம் இருக்கிறது?

அப்படியானால் ஐந்தாம் தலைமுறையில் செய்ததைச் செய்யலாமே என்று தோன்றும். அங்கே மணல்திரையைத் தடைசெய்தார்கள். கார்ச்சாம்ப்புக்கு முரட்டுத்தோல் என்ற இன்னொரு திறன் அங்கே உண்டு. தொட்டு அடித்தவரின் உயிரில் எட்டில் ஒரு பங்கு குறையும். அந்தத் தோலோடு அது நல்லபடியாக ஆடுகிறது. நான்காம் தலைமுறையில் அதற்கு மணல்திரையைத் தவிர வேறு திறன் கிடையாது. கழற்ற வேண்டிய பாகம்தான் உடம்பே. அந்த வழி அடைபட்டுவிட்டது.

நான்காம், ஐந்தாம் வாரங்களில் இரட்டைக் கூட்டலை முயன்றோம். மணலைக் கிளப்புகிறவர்களும் கார்ச்சாம்ப்பும் ஒரே அணியில் இருக்கக் கூடாது என்று விதி வைத்தோம். இது சரியாக வந்துவிடும் என்று நான் மிகவும் நம்பினேன். முதல் ஆட்டத்திலேயே தோழியின் டைரனிட்டார் களத்துக்கு வந்தது, மணல் வீசியது, அந்த மணலில் என் கார்ச்சாம்ப் ஒளிந்துகொண்டது. என் அணிக்கு மணல் தேவையே இல்லை, எதிரியின் மணல் போதும். அடுத்த ஞாயிறு அவள் டைரனிட்டாரை எடுத்துவிட்டு வந்தாள். சித்தி மகளும் எடுத்துவிட்டாள். அந்தத் தலைமுறையின் தூண்களில் ஒன்று டைரனிட்டார். கார்ச்சாம்ப்புக்கு நாற்காலி போட நாங்கள் டைரனிட்டாரை எழுப்பி வெளியே அனுப்பியிருந்தோம்.

மணல் இல்லாத அந்த ஆட்டங்களிலும் பழமும் டான்ஸும் அப்படியே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். பழத்தையும் கழித்தல் குறி போட்டுத் தடுக்கலாம் என்றான் தம்பி. கார்ச்சாம்ப் வரலாம், மணலோடு வரக் கூடாது, பழத்தோடு வரக் கூடாது. அடுத்து டான்ஸ் கூடாது என்போம். எனக்குப் பிடித்த போக்கிமானைக் கையையும் காலையும் கட்டி உள்ளே கொண்டுவந்து, இதோ விடுவித்துவிட்டோம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. இத்தனை சீட்டு ஒட்டிய பெட்டியை எந்த வாங்குபவரும் திறக்க மாட்டார்.

ஆறாம் வாரம் ஆடுவதற்கு முன்னால் நோட்டைத் திறந்து வைத்தோம். வெற்றிக் கணக்கைத்தான் முதலில் பார்த்தேன். கார்ச்சாம்ப் வைத்திருந்தவர் வென்றது எத்தனை, தோற்றது எத்தனை? ஐந்தாம் வாரம் வந்தபோது அந்தக் கேள்விக்கே அர்த்தமில்லாமல் போயிருந்தது. நான்கு அணியிலும் கார்ச்சாம்ப். இரு பக்கமும் அது இருந்தால் ஒரு பக்கம் வெல்லும், ஒரு பக்கம் தோற்கும். கணக்கு எப்போதும் பாதிக்குப் பாதி. வெற்றி விழுக்காடு சரியாக இருக்கிறதே, பிறகென்ன என்று தடை நீக்கத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

பிறகு தோழி ஒரு காரியம் செய்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு, தடை இருந்த காலத்தில் நாங்கள் நால்வரும் வைத்திருந்த அணிகளைத் தாளின் இடப்பக்கம் எழுதினாள். இப்போதைய அணிகளை வலப்பக்கம். நான்கு அணி, அணிக்கு ஆறு, மொத்தம் 24 இடம். இடப்பக்கத்தில் 19 வெவ்வேறு பெயர்கள் இருந்தன. வலப்பக்கத்தில் 11. எல்லாரிடமும் கார்ச்சாம்ப். எல்லாரிடமும் அதைத் தடுக்க ஸ்கார்மரி அல்லது பிரான்சாங். எல்லாரிடமும் அதை அடிக்க மாமோஸ்வைன் அல்லது வீவைல். ஆறு இடத்தில் மூன்று இடம் ஆட்டம் தொடங்கும் முன்பே நிரம்பிவிட்டது. சித்தி மகளின் செலபியைக் காணோம். தம்பி இரண்டு ஆண்டாக ஆசையோடு ஆடிய மச்சாம்ப்பைக் காணோம். அவனே அதை எடுத்துவிட்டதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் உணர்ந்தான்.

நாங்கள் நான்கு பேர்தான். உலகத் தரவரிசையில் எங்களுக்கு இடமில்லை. இன்னும் கூர்மையாக ஆடுகிறவர்கள் வேறு விடை கண்டுபிடிக்கலாம். ஆனால் கருவி மாறியிருக்கிறது என்று சொல்லித் தம்பி கேட்ட மறுசோதனையில், என் கண்ணுக்குத் தெரிந்தது அந்த வலப்பக்கம். தெரிந்துவைத்திருப்பது கூடக் கூட எல்லாரும் கார்ச்சாம்ப்பை இன்னும் நன்றாகத் தடுக்கக் கற்றோம் என்பது உண்மை. அந்தக் கற்றலுக்கு நாங்கள் கொடுத்த விலை எட்டுப் பெயர்கள்.

வாக்கு எடுத்தோம், ஒவ்வொருவரும் சீட்டில் எழுதி மடித்து. திறக்கலாம் என்று ஒரு சீட்டு, வேண்டாம் என்று மூன்று. திறக்கச் சொன்ன சீட்டு என்னுடையதாக இருக்கும் என்று மூவரும் நினைத்திருந்தார்கள். அது தம்பியுடையது. அவன் மச்சாம்ப்பை இழந்தும் அப்படி எழுதியதை நான் மதிக்கிறேன். அதிர்ஷ்டத்தைப் பற்றி அவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் அவனுக்கு இன்னும் போதவில்லை. எனக்கும் முழுதாகப் போதவில்லை. ஜிராச்சியை நான் அடுத்து யோசிக்க வேண்டியிருக்கும்.

டயமண்ட் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அன்று இரவு எடுத்துப் போட்டுப் பார்த்தேன். வீரன் 100ஆம் நிலையில், யாச்சே பழத்தை வைத்துக்கொண்டு, அதே இடத்தில் நிற்கிறான். சிந்தியாவோடு ஓர் ஆட்டம் ஆடினோம்.

இந்த ஞாயிறு ஐந்தாம் தலைமுறை. தம்பி நேற்றே தன் அணியை எழுத்தாக அனுப்பிவிட்டான். முதல் வரியில் கார்ச்சாம்ப், முரட்டுத்தோலோடு. ஆறாவது வரியில் மச்சாம்ப். ரொட்டி சானாயோடு இந்த முறை மீன் குழம்பும் தனியாகக் கட்டி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.